பதினொன்றோ பதினேழோ

மூலக்கொத்தளத்தில், சாம்சன் காயலான் கடையில்
மிக்சி மோட்டார்களுக்கு அடியில் கிடந்தது.
எண்ணூறு சொன்னார். அறுநூறுக்கு முடிந்தது.
யாஷிகா. தோல் உரிந்து உரிந்து
கையெல்லாம் கறுப்புப் பொடி.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலையே தப்பு.
ரீல் சுற்றும் குமிழை மேலே இழுத்தேன்.
முதுகு டப்பென்று திறந்துகொண்டது.
உள்ளே ஃபிலிம் இருந்தது.

டியூப் லைட் வெளிச்சம் நேராக அதன்மேல்.
மூட எனக்கு ஒரு நொடி ஆனது.
ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்று
தலையிலேயே எழுதி வைத்திருக்கும் பொருளுக்கு
ஒரு முழு நொடி.

மூடிவிட்டுப் பார்த்தால்
எண் ஆரம்பத்துக்கே போயிருந்தது.
திறந்தால் அப்படித்தான் போகுமாம்.
அதற்கு முன் பதினொன்று என்று இருந்ததாக ஞாபகம்.
பதினேழாகவும் இருக்கலாம்.

மறுநாள் போய்க் கேட்டேன், யாருடையது என்று.
"ராயபுரமோ தண்டையார்பேட்டையோ,
எடைக்கு வந்த மூட்டைம்மா" என்றார் சாம்சன்.

பதினோரு முறை யாரோ மூச்சை அடக்கியிருக்கிறார்கள்.
ஒரு கல்யாணமோ,
சும்மா சுவர்மேல் உட்கார்ந்த பூனையோ.
நான் ஸ்டான்லியில் ரத்தம் பார்க்கிற ஆள்.
ஒரு ட்யூப் உடைந்தால்
வார்டுக்குப் போய் மறுபடி குத்தி எடுக்கலாம்.
இதற்கு யாரைக் கை நீட்டச் சொல்ல?

பிறகுதான் சுத்தம்.
கதவோரத்து ஸ்பாஞ்சு
வெயிலில் மறந்த வெல்லம்போல் உருகியிருந்தது.
பல்குத்தும் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுச் சுரண்ட
நைட் டூட்டி இல்லாத மூன்று ராத்திரி.
அதற்குப் பதிலாக
எம்.சி. ரோடு மேட்சிங் சென்டரில்
கறுப்பு வெல்வெட் ரிப்பன், அரை மீட்டர்.
"எந்தக் கலர் ப்ளவுஸுக்கு?" என்றாள் கடைப்பெண்.
இருட்டுக்கு, என்றேன்.

உள்ளிருக்கும் சின்னக் கண்ணாடியில் விரல் படக்கூடாது.
காதுக்கு அடிக்கும் ரப்பர் பந்தால் ஊதினேன், அவ்வளவுதான்.
லென்ஸுக்குள் பூஞ்சை,
கடல் காற்றைக் குடித்தே வளர்ந்தது.
மைக்ராஸ்கோப்பில் தினம் பார்க்கும் முகம்.
இங்கே ரிப்போர்ட் எழுத வேண்டாம் என்பதே நிம்மதி.
பெராக்சைடில் போய்விட்டது.
போன இடத்தில் நரம்புபோல ஒரு கோடு,
கண்ணாடியையே கொஞ்சம் தின்றிருந்தது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷட்டரைக் காதருகே வைத்துக் கேட்டேன்.
அறுபதுக்கு ஒரு குரல், ஐந்நூறுக்கு ஒரு குரல்.
ஒரு நொடியில் வைத்தால்
கர்ர்ரென்று இழுத்து, விக்கி, முடிக்கிறது.
பக்கத்து வீட்டு நாகபூஷணம் கதவைத் தட்டி
"பல்லியா?" என்றாள்.

செத்த ஃபிலிமைத் தூக்கிப் போடவில்லை.
அதையே மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பழகினேன்.
அதோடுதான் கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் போனேன்.
பேட்டரி மாற்றியும் மீட்டர் கண் திறக்கவில்லை.
மனக்கணக்குதான்:
வெயிலுக்குப் பதினாறு.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் பதினொன்று.

கேட் போட்டுவிட்டான்.
கூட்ஸ். ஐம்பத்தெட்டுப் பெட்டி.
வண்டியை அணைத்துவிட்டு நிற்கும் கூட்டத்தைப்போல
அசையாத ஜனம் வேறெங்கே கிடைக்கும்?
கம்பிக்கு அடியில் குனிந்து, பயந்து, திரும்பிய பையன்.
மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே
செல்லில் சண்டை போடும் ஒருத்தி.
வளையத்தைத் திருப்பினேன்.
இரண்டாகக் கிடந்த மூக்குத்தி ஒன்றானது.
அழுத்தினேன்.

"போட்டோவா? எந்தப் பேப்பரு?"
"இதுல ஒண்ணும் விழாதுக்கா.
ஃபிலிம் கெட்டுப்போச்சு."
"அப்ப எதுக்கு?"

நல்லவேளை, கூட்ஸ் சத்தம்.
கடைசிப் பெட்டி போனதும் அவளே சொன்னாள்:
"விழற அன்னிக்குச் சொல்லு.
கூடையை எறக்கி வெச்சுட்டு நிக்கறேன்."

கேட் தூக்கினான். எல்லா ஹாரனும் ஒன்றாக.

புது ரோல் எண்ணூற்றைம்பது, கேமராவைவிட அதிகம்.
சம்பளம் வந்த அன்றே வாங்கிவிட்டேன்.
ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது.
அவள் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.
தினம் பத்தேகாலுக்கு
அந்த கேட்டில் போய் நிற்கிறேன்.